வீட்டில் யாருடைய நேரம் மலிவு?

வீட்டில் ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், ஆபரேஷனுக்கு எவ்வளவு, காப்பீட்டில் எவ்வளவு கழியும் என்று எல்லாவற்றுக்கும் பேச்சு நடக்கும். மகன்கள் போனில் பேசிக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை யோசனை சொல்வார். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு ஆறு மாதமோ ஆறு வருஷமோ அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது, யார் டயபர் மாற்றுவது, ராத்திரி மூன்று மணிக்குக் கூப்பிட்டால் யார் எழுந்து போவது என்பதற்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் பேச்சே நடக்காது. பேசாமலே அது முடிவாகியிருக்கும். பாசம் உள்ளவர் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லிக்கொள்வது நம் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் யாருடைய நேரத்துக்கு விலை குறைவோ அவர் தலையில்தான் இந்த வேலை வந்து விழுகிறது. விழுந்த பிறகு அவருடைய நேரத்தின் விலை இன்னும் இறங்கிப்போகிறது.

இந்த வேலைக்குத் தமிழில் சரியான பெயர்கூட இல்லை. ‘பராமரிப்பாளர்’ என்பது அரசாணைத் தமிழ். ஆஸ்பத்திரியில் அவர் ‘அட்டெண்டர்’, வீட்டில் ‘கூட இருக்கிறவங்க’. நீங்க என்ன பண்றீங்க என்று கேட்டால் ‘சும்மா வீட்லதான் இருக்கேன்’ என்பார். அந்தச் ‘சும்மா’வுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். மூக்கு வழியாகப் போட்ட டியூபில் கஞ்சி ஊற்றுவது, யூரின் பையை நிரம்பும் முன் காலி செய்வது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, சர்க்கரை பார்த்து இன்சுலின் போடுவது. இவற்றை ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற நர்ஸ் செய்தால் அது தொழில். அதே வேலையை, சொல்லித்தர ஆளில்லாமல், மருமகள் பயந்து பயந்து கற்றுக்கொண்டு செய்தால் அது சும்மா இருப்பது. நம் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளும் இந்த அட்டெண்டர்களை நம்பித்தான் ஓடுகின்றன. ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு கொண்டு போவது, மருந்து வாங்க வரிசையில் நிற்பது எல்லாம் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் கையால் நடக்கிறது.

ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 2024-இல் மறுபடியும் நடத்தினார்கள். 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம் பேர் என்கிறது இரண்டாவது கணக்கு. ஈடுபடுகிற பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 நிமிடம் அதில் போகிறது, ஆணுக்கு 74 நிமிடம். இதில் பெரும்பங்கு குழந்தை வளர்ப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இந்தக் கணக்கின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாளை அரைமணி அரைமணியாக வெட்டி, அந்த அரைமணியில் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். மறதி நோய் முற்றியவரைப் பார்த்துக்கொள்கிற ஒருத்தி அந்த அரைமணியில் ஒன்றுமே செய்யாமல் இருக்கலாம். அவர் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடாமல் ஒரு காதைத் தீட்டி வைத்திருப்பாள், அவ்வளவுதான். டி.வி. பார்த்தாள் என்று படிவத்தில் ஏறும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கணித்தது. அத்தனை வீடுகளிலும் யாரோ ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

சரி, அந்த யாரோ ஒருவர் யார்? கணவர் படுத்தால் மனைவி. நம் வழக்கத்தில் மனைவி வயதில் இளையவள் என்பதால் பெரும்பாலும் கணவர்தான் முதலில் விழுகிறார். பிறகு அவள் விழும்போது அவளைப் பார்க்கக் கணவர் இருப்பதில்லை, மருமகளோ மகளோ வர வேண்டும். மகள் என்றால் எந்த மகள்? கல்யாணமாகாதவள், அல்லது கல்யாணம் முறிந்து தாய்வீடு திரும்பியவள். ‘அவதான் வீட்லயே இருக்காளே.’ மகனே பார்த்துக்கொள்கிற வீடுகளும் உண்டு. அந்த மகன் பல வீடுகளில் எப்படிப்பட்டவர் என்று கவனியுங்கள். கல்யாணமாகாதவர், கடை படுத்தவர், வளைகுடா போய்த் திரும்பி வந்து வேலை அமையாதவர். விஷயம் ஆண் பெண் என்பதோடு முடிவதில்லை, குடும்பத்துக்குள் பேரம் பேசும் பலம் யாருக்கு இல்லை என்பதில் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். பெண்களுக்கு அந்தப் பலம் பிறப்பிலேயே குறைத்துக் கொடுக்கப்படுகிறது, அதனால் அவர்கள் கணக்கு அதிகம்.

மனநோய் விஷயத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாராவும் அவர் குழுவினரும், மனச்சிதைவு நோய் வந்து மணவாழ்க்கை முறிந்த பெண்களைப் பற்றி 2003-இல் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். நோய் வந்த மனைவியைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். சட்டப்படி விவாகரத்து இல்லை, ஜீவனாம்சம் இல்லை. வயதான அப்பா அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்கள். நோயைவிட ‘வாழாவெட்டி’ என்ற பேச்சுத்தான் அந்தக் குடும்பங்களை அதிகம் வாட்டுகிறது. கணவனுக்கு அதே நோய் வந்தால் மனைவி அவனைக் கொண்டுபோய் விட ஒரு வீடு இருக்கிறதா? அவள் கூடவே இருந்து பார்க்கிறாள், அதற்குப் பாசம் என்று பெயர் வைக்கிறோம். பார்த்துக்கொள்ள யாருமே மிஞ்சாத குடும்பங்கள் என்ன செய்யும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் பார்த்தோம். சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அங்கே இருந்த பலர் வீட்டாரே கொண்டுவந்து விட்டவர்கள். ஈவு இரக்கமில்லாத குடும்பங்கள் என்று அன்றைக்குத் திட்டித் தீர்த்தோம். அந்த வீடுகளில் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் இருந்ததா என்று கேட்டவர்கள் குறைவு.

ஆள் இருப்பதே ஒரு வசதி. நாள் கூலியில் ஓடும் குடும்பத்தில் ஒருவருக்கு டயாலிசிஸ் என்றால், வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முறை போய்வர வேண்டும். டயாலிசிஸ் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்துவிடுகிறது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடப் போகிறவர் மாதத்தில் 8 முதல் 13 நாள் கூலியை விடுகிறாரே, அது எந்தத் திட்டத்தில் வரும்? சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்து அங்கே குடிவைக்கப்பட்டவர்கள் அவர்கள். பெரிய ஆஸ்பத்திரி ஊரின் அந்தப் பக்கம். மேல் மாடியில் நடக்க முடியாத ஒருவர் இருந்து லிப்ட் நின்றுபோனால், அவரைக் கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும். பழைய குடிசைத் தெருவில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர நாலு பேர் இருந்தார்கள், கைமாற்றாக ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடலாம். இடம் பெயர்த்தபோது அந்தக் கைமாற்றும் போய்விட்டது. படுத்த பாட்டிக்குக் காவலாகப் பத்து வயதுப் பேத்தி பள்ளிக்கூடத்தை விடுவது இப்படித்தான் நடக்கிறது. அந்த வீட்டில் மிக மலிவான நேரம் அவளுடையது.

காசு இருந்தால் ஹோம் நர்ஸ் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்துக்கொள்ளலாம். வருகிறவர் யார்? பெரும்பாலும் எங்கோ ஒரு கிராமத்திலிருந்து, கடனை அடைக்கவோ பிள்ளையைப் படிக்க வைக்கவோ ஏஜென்சி மூலம் வருகிற ஒரு பெண். இருபத்து நாலு மணி நேர வேலை, படுப்பது நோயாளியின் கட்டிலுக்குக் கீழே. அவருடைய அம்மா ஊரில் படுத்தால் யார் பார்ப்பார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இன்னும் மலிவான ஒரு நேரத்தை அவர் அங்கே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது தனி வேடிக்கை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர் பொறுப்பு. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். பெரியவர்களைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பராமரிப்பு என்றால் பணம் என்றே இந்தச் சட்டம் புரிந்துகொள்கிறது. மருமகளின் பெயர் அதில் இல்லை. 2019-இல் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தபோதுதான் மருமகள் நினைவுக்கு வந்தாள். எதற்கு? அவளையும் மருமகனையும் பொறுப்பாளிகள் பட்டியலில் சேர்க்க. அவள் செய்கிற வேலைக்கு ஓர் உரிமை என்ற பேச்சே எழவில்லை. அந்த மசோதா சட்டமாகவில்லை என்பது வேறு கதை. வருமான வரியிலும் இதே பார்வைதான். ஊனமுற்ற ஒருவரைப் பராமரித்தால் பழைய வரி முறையில் 75,000 ரூபாய், கடும் ஊனம் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. கழிவு கிடைப்பது வரி கட்டுகிறவருக்கு. தூக்கி உட்கார வைக்கிறவளுக்கு வருமானமே இல்லை, அவளுக்கு ஏது வரி, ஏது கழிவு?

உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு வைக்க வேண்டும் என்று சொன்னது. நீதிபதி ரமணா 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கையே எடுத்துக் காட்டினார். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த மதிப்பு கைக்கு வர அவள் சாலை விபத்தில் சாக வேண்டியிருக்கிறது. உயிரோடு இருக்கிறவளுக்கு ஓரளவு உதவுவது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. கணவன் சம்பாதிக்க மனைவியின் வீட்டு உழைப்பே வழிசெய்தது, அதனால் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்றது. மாமியாரைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்ட மருமகள் மாமியார் சொத்தில் ஒரு பங்கு கேட்டால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்குமா? கொடுக்காது. உயில் எழுதினால் உண்டு.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். இதெல்லாம் நம் பண்பாடு, பெற்றவர்களைப் பார்ப்பதற்கு விலை பேசலாமா என்று. பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. பாசம்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. பாசம் தேர்ந்தெடுத்தால் முதலில் வரவேண்டியவர் மகன். பாலூட்டி வளர்த்ததும், காய்ச்சலில் கண்விழித்துப் பார்த்ததும், நகையை விற்றுப் படிக்க வைத்ததும் அவரை. இருபத்து மூன்று வயதில் வேறு ஊரிலிருந்து வந்த மருமகளுக்கு மாமியாரோடு அப்படி ஒரு பழைய கணக்கும் கிடையாது. பல வீடுகளில் இருப்பது எதிர்க் கணக்குத்தான். ஆனாலும் ‘பீ மூத்திரம் அள்ளிப் போட்டேன்’ என்று பிற்காலத்தில் சொல்லும் உரிமை அவளுக்கு வாய்க்கிறது, கொள்ளி போடும் உரிமை மகனுக்கு. பண்பாடு வேலையைப் பிரித்துக் கொடுத்த விதம் இது, பாசத்தை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. நாடு விடுதலையடைந்த காலத்தில் சராசரி ஆயுள் 32 வயது. சிசு மரணங்களால்தான் அது அவ்வளவு கீழே இருந்தது என்றாலும், பக்கவாதம் வந்தவர் அன்று அதிக காலம் படுத்திருந்ததில்லை. இன்று சராசரி ஆயுள் 70. பத்து வருஷப் படுக்கை என்பது நம் பாட்டிமார் அதிகம் பார்த்திராத ஒன்று. அதற்கான பண்பாடு நம்மிடம் இருந்தது என்று சொல்வது வரலாறு ஆகாது.

ஆண்கள் சம்பாதித்துப் போடுவதும் பராமரிப்புத்தானே என்பது அடுத்த வாதம். நியாயமான வாதம். காசில்லாவிட்டால் மருந்தில்லை. ஆனால் சம்பாதித்தவருக்கு ஐந்து வருஷ முடிவில் பி.எஃப். இருக்கும், அனுபவச் சான்று இருக்கும், பதவி உயர்வு இருக்கும். பார்த்துக்கொண்டவளிடம் முதுகுவலி இருக்கும், ரெஸ்யூமேயில் ஐந்து வருஷ ஓட்டை இருக்கும். வேலைச் சந்தைக்கு வெளியே இருக்கும் இந்தியப் பெண்களில் 53 சதவீதம் பேர் பராமரிப்புப் பொறுப்பைக் காரணமாகச் சொல்கிறார்கள், ஆண்களில் 1.1 சதவீதம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்டது. மாமியார் இறந்தபின் அவள் வேலை தேடினால் அவளுடைய நேரத்துக்கு முன்னைவிடக் குறைந்த விலைதான் கிடைக்கும். அடுத்து மாமனார் விழும்போது, யார் பார்ப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியதே இல்லை.

இது தமிழ்நாட்டின் தனிக் கோளாறும் இல்லை. பிரிட்டனில் மேரி வெப்ஸ்டர் என்ற மதபோதகர் பெற்றோரைப் பார்க்க வேலையை விட்டவர். தன்னைப் போலக் கல்யாணமாகாமல் பெற்றோரைப் பார்த்துப் பார்த்தே வறியவர்களான பெண்களுக்காக 1965-இல் அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்தப் போராட்டத்தின் பலனாக 1976-இல் பராமரிப்பாளர்களுக்கு அரசு உதவித்தொகை வந்தது. கல்யாணமான பெண்களுக்கு மட்டும் அது கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசின் வாதம். நம் வீட்டுக் கூடத்தில் பேசப்படுகிற அதே வாக்கியம்! அம்மாவைப் பார்க்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற மணமான பெண் வழக்குப் போட்டு, ஐரோப்பிய நீதிமன்றம் 1986-இல் அது பாரபட்சம் என்று சொன்ன பிறகுதான் அந்த விலக்கு போயிற்று.

அப்படியென்றால் நாமும் உதவித்தொகை கொடுத்துவிடலாமா? கேரளம் ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கு மாதம் 600 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. நாளுக்கு 20 ரூபாய். அந்த வேலை இருக்கிறது என்று அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக அதை வரவேற்கலாம், கூலியாக அல்ல. பணம் கொடுப்பதற்கு எதிராக நான் மதிக்கிற வாதம் ஒன்று ஜப்பானிலிருந்து வருகிறது. அங்கே மருமகள்தான் மாமனார் மாமியாரைப் பார்க்க வேண்டும் என்பது நம்மூரைவிட இறுக்கமான வழக்கமாக இருந்தது. 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தபோது, குடும்பத்தாருக்குப் பணமாகக் கொடுக்கலாம் என்ற யோசனையை ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்ணியவாதிகளே எதிர்த்தார்கள். பணம் கொடுத்தால் ‘அதான் அரசாங்கம் காசு தருதே, நீயே பார்’ என்று மருமகளை நிரந்தரமாகக் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்றார்கள். அரசும் பணத்தை விட்டுவிட்டுச் சேவையைக் கொடுத்தது: வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல்நேர மையம், சில நாள் விட்டுவைக்க இடம். 2001-இல் முதன்மைப் பராமரிப்பாளர்களில் 22.5 சதவீதமாக இருந்த ‘பிள்ளைகளின் துணை’, அதாவது பெரும்பாலும் மருமகள், 2022-இல் 5.4 சதவீதம். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீடுகள் குறைந்ததும் இதற்குக் காரணம்தான். ஆனாலும் வேறொரு ஏற்பாடு இருந்ததால்தான் அவள் விலக முடிந்தது.

அரசு கைகொடுத்தால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே 1995-லிருந்து காப்பீடு உண்டு, வீட்டில் பார்த்துக்கொள்ளப் பணமும் தருகிறார்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது பராமரிப்பவருக்கு, முழுநேர வேலையில் இல்லையென்றால், ஓய்வூதியக் கணக்கிலும் பணம் சேர்க்கிறார்கள். அத்தனைக்கும் பிறகும் பராமரிப்பு தேவைப்படுகிறவர்களில் ஐந்தில் நாலு பேர் அங்கே வீட்டில்தான் இருக்கிறார்கள். குடும்பம் கைகழுவவில்லை.

நம்மிடம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையும் பிசியோதெரபியும் வலிநிவாரணச் சிகிச்சையும் வாசலுக்கு வருகின்றன. அது நோயாளியைத் தேடிப் போகும் திட்டம். பக்கத்தில் நிற்பவளைத் தேடும் திட்டமாகவும் அதை நீட்டிக்கலாம் என்பது என் எண்ணம். வாரத்துக்கு ஒரு நாள் மாற்று ஆள், வட்டத்துக்கு ஒரு பகல்நேர மையம், டயாலிசிஸுக்குக் கூடப் போகிறவரின் அன்றைய கூலி. பணம் அதற்குப் பிறகு. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது அரசின் கணிப்பு. பிள்ளைகளோ வீட்டுக்கு ஒன்று, இரண்டு. மலிவான நேரம் எப்போதும் ஒரு வீட்டில் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இனி ஓட்ட முடியாது.

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார். 2011 படிவத்தில் வேலை செய்யாதவர்கள் என்ற தலைப்பின் கீழ் மாணவர், ஓய்வூதியர், பிச்சையெடுப்பவர் ஆகியோருடன்தான் வீட்டு வேலை பார்ப்பவரையும் போட்டிருந்தார்கள். இந்த முறையும் அவர் வாசலில் நின்று, இவங்க என்ன வேலை செய்யறாங்க என்று கேட்பார். நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டு அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர் வெளியே வந்து பேசுகிற அந்தப் பத்து நிமிடம் கட்டில் பக்கத்தில் நீங்கள் போய் நில்லுங்கள்.